நத்தையின் ஓட்டில் எழுதியிருக்கும் தண்ணீர்

மீன்தொட்டியில் வளரும் நத்தையின் ஓடு அதன் வாய் விளிம்பில் மட்டுமே வளர்கிறது. மேன்டில் என்ற மெல்லிய தோல் மடிப்பு, கால்சியம் கார்பனேட்டை அங்கே வரி வரியாகச் சேர்த்துக்கொண்டே போகும். ஆகவே சுருளின் நுனி நத்தை குஞ்சாக இருந்த காலத்தைச் சேர்ந்தது. விளிம்பு போன வாரத்தைச் சேர்ந்தது. நடுவில் சில நாட்கள் தண்ணீர் கெட்டிருந்தால் அந்த இடத்தில் ஒரு கோடோ பள்ளமோ விழும்; அது நத்தை சாகும்வரை மறையாது. மெலிந்த இடத்தை நத்தை உள்பக்கமாகக் கொஞ்சம் தடிப்பாக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். ஓட்டின் வெளியே அரித்துப்போன மேல்படலம் திரும்ப வருவதில்லை.

நுனி வெளுத்துக் குழி விழுந்த நத்தையைப் பலர் நோயாளி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது சரியல்ல. அந்த நுனி வேறு யாரோ ஒருவருடைய தொட்டியில் தேய்ந்திருக்கலாம். விளிம்பு வழவழப்பாக, உடையாமல், நல்ல நிறத்தோடு வளர்ந்துகொண்டிருந்தால் அந்த நத்தை இன்று நலமாக இருக்கிறது. நடந்ததை மாற்ற முடியாத உயிரைப் பார்த்துக்கொள்பவர் கவனிக்க வேண்டிய இடம் விளிம்பின் அந்த ஒரு மில்லிமீட்டர்தான்.

அந்த விளிம்பு தண்ணீரால் ஆனது. பி.எச். 7-க்குக் கீழே இறங்கினால் ஓடு கரையத் தொடங்கும், 7.5-ஐ ஒட்டி இருப்பது நல்லது. சுத்தமானது என்று நம்பி ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றும் வீடுகளில்தான் ஓடு அதிகம் மெலிகிறது, ஏனென்றால் அதில் கால்சியம் ஏறக்குறைய இல்லை. வாளியில் வெள்ளைப் படிவு விடுகிற போர்வெல் தண்ணீரைக் கண்டு மனிதர்கள் சலித்துக்கொண்டாலும், அதிலுள்ள சுண்ணாம்பு நத்தைக்கு வேண்டியது. அது கிடைக்காத இடத்தில் கணவாயின் ஓடான கடல்நுரையில் ஒரு துண்டோ, கழுவிக் காயவைத்த முட்டை ஓடோ போட்டு வைக்கலாம். குழாய்த் தண்ணீரானால் குளோரினைப் போக்கிவிட்டு, வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால் போதும்.

செம்பு நத்தைக்கு நஞ்சு. தொட்டிகளில் வளர்க்கும் பெரிய நத்தை வகையான மிஸ்டரி நத்தையின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்பு கலந்த ஒரு புரதம்தான். அப்படியிருந்தும் தண்ணீரில் கரைந்த செம்பு சிறிதளவு இருந்தாலே அதைக் கொன்றுவிடும். மீன் நோய்க்கான மருந்துகள் சிலவற்றில் காப்பர் சல்ஃபேட் இருப்பதால், மீனைக் காப்பாற்ற ஊற்றுவதற்கு முன் புட்டியில் எழுதியிருப்பதைப் படித்தே ஆக வேண்டும்.

கண்ணாடியில் படிந்த பாசி மட்டும் பெரிய நத்தைகளுக்குப் போதாது. லேசாக வேகவைத்த கீரை, வெள்ளரித் துண்டு போடலாம். மறுநாள் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். செடிகளோடு ஒட்டிக்கொண்டு வரும் குட்டி நத்தைகள் பெருகினால், தொட்டியில் உணவு மிஞ்சுகிறது என்று பொருள். மிச்சம் குறைந்தால் அவையும் குறையும்.

மிஸ்டரி நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. நீர்மட்டத்துக்கு ஏறி, குழல் போன்ற ஒன்றை வெளியே நீட்டிக் காற்றை இழுக்கும். இளஞ்சிவப்பு முட்டைக் கொத்தையும் நீருக்கு மேலேதான் ஒட்டவைக்கும். ஆகவே மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே சில சென்டிமீட்டர் இடம் வேண்டும், அது வெளியே ஏறிவிடாதபடி மூடியும் கட்டாயம் வேண்டும். மிஸ்டரி நத்தையின் ஆயுள் ஓரிரு ஆண்டுகள். தண்ணீர் சூடேறினால் வேகமாக வளர்ந்து, வேகமாக முடிந்துவிடும்.

நத்தை அசையாமல் கிடப்பதைக் கண்டு பதறத் தேவையில்லை. நத்தைகுத்தி நாரை தேடித் தின்னும் நம் வயல் நத்தை, கோடையில் சேற்றுக்குள் புதைந்து, வாய்மூடியை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். தொட்டியிலும் ஒரு நாள் முழுக்க ஓய்வெடுக்கும் நத்தைகள் உண்டு. எடுத்து முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்: உயிருள்ளதற்குக் குளத்து வாடைதான் இருக்கும்; செத்தது தாங்க முடியாமல் நாறும், அதன் மூடியும் தளர்ந்திருக்கும். அதை உடனே அகற்றாவிட்டால் அம்மோனியா ஏறி மற்றவையும் சாகும். சதையை நீக்கிக் கழுவிய வெற்று ஓட்டை மட்டும் தொட்டியிலேயே விட்டுவைக்கலாம். சுண்ணாம்பு குறைவான தண்ணீரில் அது மெல்லக் கரையும். அதிலிருந்து வரும் கால்சியம் மற்ற நத்தைகளின் விளிம்புகளில் போய்ச் சேரும்.