பெயருக்கு எத்தனை வருடத் தவணை?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து நம்மூரில் இரண்டு மாதத்துக்கு ஒரே கேள்விதான். 'எந்த காலேஜ்?' என்ன படிக்கப் போகிறாள் என்று கேட்பவர்கள் குறைவு. கல்யாண மண்டபத்தில், மாவு மில்லில், மாடி வீட்டு மாமியிடம்... ஒரு பெயர் சொல்லியாக வேண்டும். சொன்னதும் எதிரே நிற்பவரின் புருவம் உயர வேண்டும். அந்தப் புருவத்தை உயர்த்த எவ்வளவு செலவாகிறது என்று எப்போதாவது கணக்குப் போட்டிருக்கிறீர்களா?

நான் பி.காம். படித்தவன். நியாயம், அநியாயம் பேசுவதற்கு முன் பேப்பரும் பேனாவும் எடுத்துவிடுவது பழக்கதோஷம். வாருங்கள், போட்டுப் பார்ப்போம்.

உங்கள் பெண்ணுக்கு கவுன்சலிங்கில் காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்கிறது. 1952-ல் தொடங்கிய கல்லூரி. கட்டணம் உங்கள் சேமிப்புக்குள் அடங்கிவிடும். இன்னொரு பக்கம், பேப்பரில் முழுப் பக்க விளம்பரம் தரும் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அங்கே சேர்க்க, உங்கள் கையிருப்பு போக இன்னும் 10 லட்சம் வேண்டும். 'லோன் போட்டுக்கலாம் சார், இப்ப யார்தான் வாங்கலை?' என்கிறார்கள்.

போடுங்கள். வருடத்துக்கு இரண்டரை லட்சமாக வங்கி கட்டுகிறது. வட்டி 10 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கிற காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கிடையாது. ஆனால் வட்டிக்கு லீவு கிடையாதே! தனி வட்டியாக ஏறினால்கூட ஐந்தாவது வருட முடிவில் மூன்றரை லட்சம் சேர்ந்திருக்கும். ஆக, பதின்மூன்றரை லட்சம். இதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் 17,840 ரூபாய். மொத்தம் சுமார் 21 லட்சத்து 40 ஆயிரம். கடைசித் தவணை கட்டும்போது உங்கள் பெண்ணுக்கு வயது 33.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. கல்விக் கடனில் முதல் கடனாளி மாணவிதான். நீங்கள் இணைக் கடனாளி. காலேஜைத் தேர்ந்தெடுத்தது அப்பா, கையெழுத்து அவளுடையது. தமிழில் 'கடன்' என்றால் கடமை என்றும் ஒரு பொருள் உண்டு. பிள்ளையைப் படிக்கவைப்பது பெற்றவர் கடன் என்கிறோம். அந்தக் கடனை, வட்டி போட்டு, பிள்ளை தலையிலேயே எழுதி வைப்பதை என்னவென்று சொல்வது?

சரி, பெரிய பெயருக்குப் பலனே இல்லையா?

அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் 1976-ல் கல்லூரியில் சேர்ந்தவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2002-ல் வெளியிட்டார்கள். ஒரே தரமான கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களில், பெரிய பெயருக்குப் போனவர்களையும், அதைவிட்டுச் சாதாரணக் கல்லூரிக்குப் போனவர்களையும் ஒப்பிட்டார்கள். பிற்காலச் சம்பளத்தில் சராசரியாகப் பெரிய வித்தியாசமில்லை. கெட்டிக்காரத்தனம் பிள்ளையோடுதான் போகிறது, போர்டில் இல்லை!

கைதட்ட அவசரப்படாதீர்கள். அதே ஆய்வில் ஒரு விலக்கு இருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரி உண்மையிலேயே பலன் தந்தது. வசதியானவனுக்கு மாமா, சித்தப்பா, அப்பாவின் நண்பர் என்று சிபாரிசுக்கு ஆள் இருக்கிறது. இல்லாதவனுக்குக் கல்லூரிதான் சித்தப்பா. ஆக, யாருக்குப் பெயர் அதிகம் தேவையோ, அவர்தான் அதற்குக் கடன் வாங்கவும் வேண்டியிருக்கிறது. நமது கேம்பஸ் இன்டர்வியூவுக்கு அந்த ஆய்வை அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் 'விரலுக்கேத்த வீக்கம்' என்று ஏழைக்கு மட்டும் உபதேசம் செய்வது எனக்குச் சம்மதமில்லை.

அப்படியானால், எந்தப் பெயருக்காகக் கடன் வாங்கலாம்? வங்கியிடமே கேளுங்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக வீடோ நிலமோ ஈடு கேட்பார்கள். ஆனால் ஐ.ஐ.டி. மாதிரி சில நிறுவனங்களுக்கு ஈடில்லாமலே அதைவிட அதிகம் தருகிறார்கள். அதற்கென ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். தன் பணம் திரும்பி வருமா என்று பார்க்கிறவனுக்கு விளம்பரம் கண்ணை மறைக்காது. உங்கள் காலேஜ் பெயரைச் சொன்னதும் மேனேஜர் 'பத்திரம் இருக்கா?' என்று கேட்டால், அந்தப் பெயர் மண்டபத்தில் மட்டும்தான் செல்லும் என்று சந்தேகப்படலாம்.

இதைவிடப் பெரிய செலவு பாஸ் புத்தகத்தில் வராது. 23 வயதில் ஒருத்திக்கு, பிடிக்காத வேலையை உதறிவிட்டு கலெக்டர் பரீட்சைக்குப் படிக்கத் தோன்றலாம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த ஆசை வரலாம். மாதம் பிறந்தால் 17,840 என்கிறபோது ஆசை வாயைத் திறக்காது. கல்யாணப் பேச்சில் 'லோனை யார் கட்டுவா?' என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்களே, அது தனிக் கதை.

ஆகவே, ஃபாரத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன் இந்த பேப்பரை அவள் முன் வையுங்கள். பதினெட்டு வயதில் ஓட்டுப் போடுகிறவளுக்கு இந்தக் கூட்டல் புரியாதா என்ன? பார்த்துவிட்டும், 'இல்லப்பா, எனக்கு அந்த காலேஜ்தான் வேணும்' என்றால் சேர்த்துவிடுங்கள். ஆனால் ஆசைப்பட்டது அவளா, நீங்களா என்று யோசித்து, உங்கள் பங்குக்கு மாதம் எவ்வளவு கட்டுவீர்கள் என்பதை அன்றைக்கே அதே பேப்பரில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.