காரணத்தை எழுதித் தாருங்கள்!

'தகுதி இல்லை' என்று பதில் வந்துவிட்டதா? அந்தக் கடுதாசியை மடித்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகாதீர்கள். மேசையில் விரித்து வையுங்கள். வேலை இனித்தான் இருக்கிறது.

அஸ்வெசும நலன்புரிப் பட்டியலில் பெயர் இல்லை, மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு இல்லை என்றதும் "எங்கட தலைவிதி" என்று வீட்டுக்குத் திரும்புகிறீர்களே, அண்ணை, அக்கா, நீங்கள் யார் என்று மறந்துபோச்சா? 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்தை விட்டுக் கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தவர்கள் நீங்கள். முள்ளிவாய்க்காலிலிருந்து உயிரோடு எழும்பி வந்தவர்கள். காலை இழந்தபின் ஜெய்ப்பூர் கால் மாட்டி, விழுந்து விழுந்து நடை பழகி, சைக்கிளும் மிதித்தவர்கள். ஒரு கந்தோர் வாசற்படியா உங்களை மறிக்கப்போகிறது?

அந்தப் பதில் உங்களை அளந்ததல்ல, ஒரு படிவத்தை அளந்தது. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 22 சுட்டிகள் வைத்து வீட்டை அளக்கிறார்கள். கணக்கெடுக்க வந்தவர் கூரையைப் பார்த்தார்; இரண்டு காலும் இருப்பதைப் பார்த்தார். முதுகெலும்புக்குப் பக்கத்தில் இன்னும் கிடக்கிற ஷெல் துண்டு அவர் கண்ணில் படுமா? படாததை நீங்கள்தான் எழுத வேண்டும். மேன்முறையீடு என்பது பிச்சையல்ல, உங்கள் உரிமை.

எப்படி எழுதுவது? "நான் ஏழை, இரங்குங்கள்" என்று ஒரு வரிகூட வேண்டாம். 'இடது காலில் பாரம் தாங்க ஏலாது. பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. செய்துவந்த மேசன் வேலையை விட்டுவிட்டேன்.' இவ்வளவு போதும். கிளினிக் கொப்பியைப் போட்டோக் கொப்பி எடுத்து இணையுங்கள். பழைய துண்டுகள் இடம்பெயர்வில் தொலைந்தனவா? இன்றைய உடம்பு இருக்கிறதே, வைத்தியரிடம் காட்டிப் புதிதாக எழுதி வாங்குங்கள். பிரதேச செயலகத்தில் கொடுக்கும்போது உங்கள் பிரதியிலும் திகதியோடு முத்திரை குத்தச் சொல்லுங்கள். முத்திரை இல்லாத கடிதம், கொடுக்காத கடிதம்தான்.

புலிகள் இயக்கத்தில் இருந்ததால் வாய்திறக்கத் தயங்குகிறவர்கள் உண்டு. அந்தத் தயக்கம் எனக்கு விளங்கும். ஆனால் இந்தக் கொடுப்பனவு காயம் எப்படி வந்தது என்பதற்கானதல்ல. இன்றைக்கு உங்களால் என்ன செய்ய முடியவில்லை என்பதற்கானது. போரில் வென்ற பக்கத்தைப் பாருங்களேன்: 2016 நவம்பரில் கொழும்பில், அங்கவீனமான படையினரே ஓய்வூதியம் கேட்டு வீதிக்கு வந்தார்கள்; அவர்கள் மீதும் கண்ணீர்ப்புகை அடித்தார்கள். அரசுக்காகக் கால் கொடுத்தவனுக்கே கேட்காமல் கிடைக்காதென்றால், நீங்கள் மௌனமாயிருந்தால் யார் தரப்போகிறார்கள்?

மேன்முறையீட்டுக்குப் பதில் வராவிட்டாலும் வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லாமலே கேட்கலாம்: என்னை எந்தக் காரணத்துக்காக மறுத்தீர்கள், எந்தச் சுட்டிக்கு எத்தனை புள்ளி போட்டீர்கள்? தமிழிலேயே எழுதுங்கள். வடக்கில் தமிழ் நிருவாக மொழி. தருவதா மறுப்பதா என்று தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் போங்கள். அவரும் மறுத்தால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு.

திங்கட்கிழமை கந்தோர் திறக்கும்போது அங்கே இருங்கள். வரிசையில் நிற்க ஏலாதென்றால் கதிரை கேளுங்கள். சத்தமாகவே கேளுங்கள்.