விடுபட்டவர்களின் கணக்கு

ஆபீஸ் கேன்டீனில் வாரம் ஒருமுறையாவது இந்தப் பேச்சு வந்துவிடும். “நாம டேக்ஸ் கட்டுறோம், அவங்க ஓசியில வாங்குறாங்க.” நானும் தலையாட்டியவன்தான். கொடுக்கவே கூடாது என்று சொன்னதில்லை. “தகுதியானவங்களுக்கு மட்டும் கொடுக்கட்டும்” என்பேன். கேட்க நியாயமாக இருக்கும்.

2021 தேர்தலில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றது திமுக. அடுத்த ஆண்டு பிரதமர் மோடி இலவச வாக்குறுதிகளை ‘ரேவடி’ கலாச்சாரம் என்று சாடினார். 2023 மார்ச் பட்ஜெட்டில் இத்திட்டத்துக்கு 7,000 கோடி ஒதுக்கியபோது, ‘தகுதிவாய்ந்த’ என்றொரு சொல் சேர்ந்திருந்தது. எல்லோருக்கும் என்றீர்களே என்று கேட்டது அதிமுக. ஏன் கொடுக்கிறாய் என்று ஒரு கட்சி, ஏன் எல்லோருக்கும் இல்லை என்று இன்னொரு கட்சி.

நிபந்தனைகளைப் படித்தபோது கோட் படிப்பதுபோல இருந்தது. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், கார் இருக்கக் கூடாது. சரி, ஒரே மீட்டரில் மூன்று குடும்பம் இருந்தால்? எந்த நிபந்தனையும் யாரையாவது தவறாக வெளியே தள்ளும். மேல்முறையீடு உண்டுதான். ஆனால் அதற்கும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டும்.

முன்பு வேலை பார்த்த இடத்தில், மோசடிப் பணப் பரிமாற்றத்தைத் தடுக்கும் நிரல் ஒன்றை எழுதினேன். எத்தனை மோசடி பிடிபட்டது என்று ஒவ்வொரு வாரமும் கேட்டார்கள். எத்தனை நல்லவர்களை மறித்தோம் என்று யாரும் கேட்கவில்லை, நானும் எண்ணவில்லை. ஒருநாள் ஒரு புகார் என்னிடம் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய பணம் இரண்டு நாள் முடங்கியிருந்தது. பதிவைத் திறந்து பார்த்தேன். என் நிபந்தனை சரியாகத்தான் ஓடியிருந்தது.

தவறு இரண்டு வகை: வேண்டாதவருக்குக் கொடுப்பது, வேண்டியவருக்கு மறுப்பது. முதல் தவறின் நஷ்டம் கோடிக்கணக்கான பேர் மீது பரவுகிறது. என் பங்கு ஒரு டீ காசுகூட வராது. இரண்டாவதன் நஷ்டம் மொத்தமும் ஒரே வீட்டின் தலையில் விழுகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது எப்படிச் சரியாகும்?

1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தது. தமிழ்நாடு எல்லோருக்குமான ரேஷனையே வைத்துக்கொண்டது. வசதியானவர்கள் கொஞ்சம் வாங்கினாலும் பரவாயில்லை, பசித்தவர் விடுபடக் கூடாது என்பதுதான் அதிலுள்ள அறம்.

பணம் வரம்புக்குட்பட்டது என்பதை மறுக்கவில்லை. எல்லோருக்கும் 1,000 ரூபாய் என்றால் அது பள்ளிக்கூடத்திலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ வரலாம். சில சமயம் வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் வெட்டுகிறவர்கள் மிச்சமான தொகையோடு விடுபட்டவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேன்டீனில் இப்போது பேச்சு வந்தால் அந்த எண்ணைத்தான் கேட்கிறேன். “அதெல்லாம் யாருக்குடா தெரியும்” என்கிறார்கள். எனக்கும் அன்று தெரிந்திருக்கவில்லை.