ஐயத்தின் பலன் யாருக்கு?

பார்வையற்றுப் பிறந்தவரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவத்தின் விளைவு என்று ஆண்டவரிடம் வினவினர் (யோவான் 9). நோயுற்ற கண்ணைக் கண்டதும் காரணத்தைத் துருவும் இவ்வழக்கம் அரசு அலுவலகங்களிலும் உண்டு.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் ஒருவர் பார்வைக் குறைவுக்கு உதவித்தொகை பெற வேண்டுமாயின், அக்குறை படைப்பணியால் வந்தது அல்லது மிகுந்தது என்று நிலைநாட்டப்பட வேண்டும். கிட்டப்பார்வை போன்ற குறைகளை அந்நாட்டு விதிகள் பொதுவாக நோயாகக் கொள்வதில்லை. அது நியாயமே; கண்ணாடி அணிவோர் அனைவரையும் படைப்பணி ஊனப்படுத்தியதாகச் சொல்ல இயலாதன்றோ! ஆனால் கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலியோ அறிகுறியோ இன்றி வளர்வது. இளமையில் கண்ணில் பட்ட அடி, பல ஆண்டுகள் கழித்தும் அந்நோயை விளைவிக்கக்கூடும். 'பணிக்கால மருத்துவக் குறிப்பில் பதிவு இல்லை' என்று விண்ணப்பம் தள்ளப்படுகையில் நாம் கேட்க வேண்டியது இது: பதிவு இல்லாததால் அடியும் படவில்லை என்றாகிவிடுமா?

சாதகமான சான்றும் பாதகமான சான்றும் ஏறத்தாழச் சமமாயின் ஐயத்தின் பலன் விண்ணப்பித்தவருக்கே என்கிறது அந்நாட்டுச் சட்டம். நம் நாட்டிலும், சேரும்போது குறிக்கப்படாத நோயால் பின்னர் விலக்கப்பட்ட வீரரின் நோய் பணியால் வந்ததென்றே கருதப்பட வேண்டும் என 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதைச் சலுகை என்று நாம் எண்ணலாகாது. போகச் சொன்னது அரசு; குறிப்பேட்டை வைத்திருந்ததும் அரசே. எழுதாமற்போன வரியின் சுமையை ஏவப்பட்டவன்மேல் ஏற்றுவது எந்த அறம்?

மறுக்கப்பட்டவர் ஓராண்டுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 2019 முதல் மூன்று வழிகள் உள்ளன: புதிய சான்றைச் சேர்ப்பது, மூத்த அலுவலரின் மறுபரிசீலனையைக் கோருவது, மேல்முறையீட்டு வாரியத்தை நாடுவது. 'கேட்டுப் பெறுவது இழுக்கு' என்று ஒதுங்கும் நல்லவர்களும் உண்டு. திருத்தூதர் பவுல் சீசரிடம் முறையிட்டபோது தம் தாழ்ச்சியை இழந்துவிடவில்லையே!

எனினும், ஐயத்தின் பலனைப் பெறுகிறவர் ஐயத்தைப் புனையலாகாது. கண்ட அளவை மட்டும் சொல்லும் கடமை அவருக்கும், அவருக்காகச் சான்றெழுதும் மனைவிக்கும் படைத்தோழருக்கும் உண்டு. அவர்கள் நேரில் கண்டதை எழுதித்தரும் கடிதமும் சான்றாக ஏற்கப்படுகிறது. நற்செய்தியில் அந்த மனிதரின் பெற்றோர், தொழுகைக்கூடத்திலிருந்து விலக்கப்படுவோமோ என்று அஞ்சி, அவனையே கேளுங்கள் என ஒதுங்கிக்கொண்டனர். தமக்கு நேர்ந்ததை அவர் தனியே நின்று சொன்னார், வெளியே தள்ளப்பட்டார். அதைக் கேள்வியுற்ற ஆண்டவர் அவரைத் தேடிக் கண்டார்.