மூடுபனியும் பொறுமையும்

பொறுமை எதுவரை அறம்? எப்போது அஃது அறியாமையாக மாறுகிறது? ஜவ்வாது மலையின் மூடுபனிக் காலையொன்று இவ்வினாவை நம்முன் நிறுத்தியது.

நம்முடன் ஓதிய நண்பர் ஒருவர் உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். ஆறு வாரங்கள் கழித்து ஓய்வுக்காக ஜமுனாமரத்தூரில் தங்கியிருந்தார். அவரைக் காணச் சென்றோம். முப்பதாண்டுகள் அரபு இலக்கணம் கற்பித்தவர், ஒரு வினைச்சொல்லின் திரிபுகளைச் சொல்லத் தொடங்கி நடுவிலே திகைத்து நின்றார். பத்தடி நடந்ததும் அமர்ந்துவிட்டார். "ஹஜ்ரத், நாவை அடக்காததற்கு இது கூலி. பொறுத்துக்கொள்கிறேன். மருத்துவரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது" என்றார்.

இக்கூற்றில் இரு பிழைகள் உள.

முதலாவது, நோயைக் கூலியெனக் கொண்டது. பருமனுக்குப் பரம்பரையும் சுரப்பிகளும் காரணமாகலாம். அவர் சொல்வதுபோல் உணவாசையே காரணமாயினும், இம்மயக்கத்தின் காரணம் வேறு. உடலெடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்கே உள்ள மூளை, ஓய்வு வேளையில் உடல் செலவிடும் ஆற்றலில் 20 பங்கை உண்கிறது. உணவு கவளக் கணக்கில் சுருங்கி, நீரும் குறைந்தால் சோர்வு வருவது இயல்பே. நாளொன்றுக்கு 60 கிராமேனும் புரதம், மிடறு மிடறாக நீர், சிறுகச் சிறுக வேலை, மறப்பதை எழுதிவைக்கும் ஏடு: இவற்றால் பலருக்கும் இச்சோர்வு மெல்லத் தணிகிறது.

இரண்டாவது பிழை இதனினும் கொடிது. அஃது மௌனத்தைப் பொறுமையென மயங்கியது. பி12 உயிர்ச்சத்தைக் கல்லீரல் ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கும். அதன் குறை பிந்தியே தலைகாட்டும். தயமின் எனும் பி1 சத்தின் இருப்போ சில வாரங்களுக்கே போதும். ஓயாத வாந்தியோடு குழப்பமும், நடையில் தள்ளாட்டமும், பார்வையில் இரட்டைத் தோற்றமும் சேருமாயின் அது 1881ஆம் ஆண்டில் வெர்னிக்கி விவரித்த நோயாக இருக்கலாம். உடனே ஊசிவழி தயமின் செலுத்தாவிடில் நினைவாற்றல் நிலையாகவே கெடக்கூடும். அத்தகைய வேளையில் வாய்மூடி இருப்பது பொறுமையாகுமோ?

நோன்பு நோற்பதால் நோய் மிகுமாயின், அதைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்க மார்க்கம் இடந்தந்திருக்கிறது. வணக்கத்திலேயே நோயாளியின் தளர்ச்சிக்கு மதிப்பளிக்கப்படும்போது, நாம் மட்டும் அதனை ஏன் மறைத்தல் வேண்டும்?

"அக்ல் மங்கியபின் ஆலிமுக்கு என்ன மிச்சம்?" என்று நண்பர் கேட்டார். இம்மலையின் காவலூரில், 1986ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கி உண்டு. முகில் மூடிய இரவில் அதன் குவிமாடத்தைத் திறவார். ஆயினும் விண்மீன்கள் அழிந்தன என்று எவரும் குறிப்பெழுதார். அதனையே அவருக்கு விடையாகச் சொன்னோம்.

பின்னர் வற்புறுத்திக் கேட்டபோதுதான், பத்து நாட்களாக வாந்தி எடுத்துவருவதை ஒப்புக்கொண்டார். அன்றே மலையிறக்கி மருத்துவமனையில் சேர்த்தோம், ஊசி போடப்பட்டது. மாதங்கள் சில கழிந்தபின் அதே வினைச்சொல்லை முழுமையாகச் சொன்னார். ஓரிடத்தில் மட்டும் பிழைத்தது. திருத்தினோம், சிரித்தார்.

மாற்ற இயலாததைத் தாங்குவது பொறுமை. மாற்ற இயன்றதை உரியவரிடம் உரைத்து, மருந்து வேலை செய்யும் மெதுவான நாட்களைத் தாங்குவதும் பொறுமையே. உரைக்காமல் தாங்குவதோ, அமானிதமாய் வந்த உடலுக்கு நாம் இழைக்கும் அநீதியாகும்.