வளவில் கிடைத்த சிப்பிக்கல்லும் நமது பக்தியும்



வளவில் கிணறோ மலசலகூடக் குழியோ வெட்டும்போது சங்கு, சிப்பி பதிந்த கல் வெளிப்படுவதுண்டு. "கடவுள் தந்த கல், கோயிலில் வையுங்கள்" என்பார் ஒருவர். "வெறுங்கல், எறியுங்கள்" என்பார் மற்றவர். அது என்ன கல் என்று கேட்பவர் அரிது. அறியாத ஒன்றைத் தெய்வீகம் என்றுவிடுவது பக்தியாகுமா?

நமது உவர்மலையையே எடுத்துக்கொள்வோம். திருகோணமலைப் பகுதியின் அடிப்பாறை, நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய மிகப் பழைய பாறை. அதில் சிப்பியின் அச்சு எஞ்சியிராது. ஆகவே இங்கு அப்படியொரு கல் கிடைத்தால் அதற்கு வேறு வரலாறு இருக்கவேண்டும். பழைய சுவரொன்றின் சாந்துக்கட்டியாக இருக்கலாம். முன்னோர் சிப்பியையும் முருகைக்கல்லையும் சுட்டல்லவா சுண்ணாம்பு எடுத்தார்கள். கரையோரத்தில் மணலும் சிப்பியும் சேர்ந்து இறுகிய கல்லாகவும் இருக்கலாம். அன்றி யாராவது யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த சுண்ணக்கல்லாகவும் இருக்கலாம். குடாநாட்டுச் சுண்ணக்கல் கடலடியில் படிந்தது. 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட மயோசின் காலத்தது. சிப்பி ஓடு நீரில் கரைந்துபோக, அதன் வரிகள் மட்டும் கல்லில் அச்சாக நிற்கும். இதுவே உயிர்ச்சுவடு. வினாகிரி விட்டுச் சோதிப்பாரும் உளர். நுரைத்தால் சுண்ணம் என்று தெரியும்; வயது தெரியாது.

2020 ஒக்டோபரில் தமிழ்நாட்டில், பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் ஏரி மண் எடுத்தபோது உருண்டைக் கற்கள் வெளிவந்தன. டைனோசர் முட்டை என்று பேச்சுப் பரவியது. அறிந்தவர்கள் பார்த்து, முட்டையல்ல, அமோனைற் என்னும் பண்டைக் கடலுயிரின் சுவடுகள் என்றனர். முட்டையைவிட இதுவே எனக்கு அதிசயம்: பெரம்பலூர் ஒருகாலம் கடல்!

அந்த அமோனைற் நமக்கு அந்நியமன்று. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் எடுத்து, வைணவ அடியார்கள் திருமாலாகவே வழிபடும் சாளக்கிராமங்களிற் பல, சக்கரம் போன்ற அதே சுவட்டைத் தாங்கியவை. இமயம் எழுமுன் அங்கிருந்த கடலில் வாழ்ந்த உயிர் அது; 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அவ்வினமே அழிந்தது. இது தெரிந்த பின்னும் சாளக்கிராம பூசை நிற்கவில்லை. நிற்கவேண்டியதுமில்லை. அவ்வழிபாடு தலைமுறைகளின் மரபில் நிற்கின்றது, கல்லைப் பற்றிய பொய்யில் அன்று.

நமது ஊரில் 1950இல் கிணறு தோண்டியபோது கோணேசர் ஆலய விக்கிரகங்கள் வெளிப்பட்டதை மூத்தோர் அறிவர். போர்த்துக்கேயர் இடித்த ஆலயத்தின் திருவுருவங்கள் அவை என்பது நாம் போற்றிவரும் வரலாறு. அந்த நினைவுள்ள ஊரில் மண்ணிலிருந்து வருவதெல்லாம் புனிதமாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும் விக்கிரகம் வேறு, சிப்பி வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் விக்கிரகத்தின் வரலாறுதான் மலிவுபடும்.

கல்லின் முன் கற்பூரம் கொளுத்தி உண்டியல் வைப்பது சிரமமன்று. காசும் சேரும். பின்னர் ஒரு பள்ளிப் பிள்ளை "ஐயா, இது சிப்பியல்லவா?" என்று கேட்டால், பெரியவர்களாகிய நாம் அப்பிள்ளையைத்தான் அதட்டுவோம். அதையே நான் அஞ்சுகின்றேன்.

ஆகவே அத்தகைய கல் கிடைத்தவர்கள் அதைத் தேய்த்துக் கழுவாது, எந்த வளவு, எத்தனை அடி ஆழம், எந்தத் திகதி என்று ஒரு துண்டில் எழுதிக் கூடவே வையுங்கள். (கந்தோர்ப் பழக்கம் இன்னும் விடவில்லை என்று சிரிக்கலாம்.) பாடசாலை விஞ்ஞான ஆசிரியரிடமோ பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறையினரிடமோ காட்டலாம். கோயிலுக்கே கொண்டுவந்தாலும் மறுக்கமாட்டோம். புத்தக அலுமாரியில் பெயர்ச்சீட்டுடன் வைப்போம், மூலஸ்தானத்தில் அன்று.