கரிமீனும் வரத்தனும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் காலையில், என் பேரனை உடன் அழைத்துக்கொண்டு கரமனைப் பக்கத்து மீன் சந்தைக்குச் சென்றிருந்தேன். மீன்காரப் பெண்மணி ஒருவர் தம் பலகையின் மேல் இரண்டு கூறுகளாக மீனைப் பரப்பி வைத்திருந்தார். இரண்டும் தட்டையான உடலும் முள்ளெழுந்த முதுகுத் துடுப்பும் கொண்டவை. ஒன்றன் விலையோ மற்றதன் விலையைப் போலப் பன்மடங்கு. எட்டாம் வகுப்பில் படிக்கும் பேரன் வியந்து, ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டான். அந்த அம்மையார் சிரித்துக்கொண்டே, "இது நம்மளெ கரிமீன், மோனே. அது சிலோப்பி, வரத்தனாணு" என்றார்.

வரத்தன் என்னும் சொல் இந்நகரில் வாழும் நமக்குப் புதியதன்று. வெளியிலிருந்து வந்தவன் என்பதே அதன் நேர்ப்பொருள். ஆயினும், வந்தவன் என்றேனும் ஒரு நாள் போகவேண்டியவன் என்னும் குறிப்பும் அச்சொல்லோடு சேர்ந்தே ஒலிக்கும். வீடு திரும்பும் வழியெல்லாம் பையன் வாய் திறக்கவில்லை. ஆற்றுப்பாலத்தைக் கடக்கும்போது மெல்லக் கேட்டான்: "தாத்தா, அப்படியானால் நாமும் வரத்தர்தாமா?" உடன் பயிலும் ஒருவன் தன்னைப் 'பாண்டி' என்று அழைத்ததையும், தான் அதற்கு மறுமொழி கூறாது வந்துவிட்டதையும் அப்பொழுதுதான் சொன்னான்.

முப்பது ஆண்டுகள் விலங்கியல் பயிற்றியவன் நான். மீன்களின் குடும்பப் பெயர்களை வரிசையாகச் சொல்ல வல்லேன். அந்தச் சிறுவனுக்கு விடை சொல்ல மட்டும் அன்று எனக்கு வகை தெரியவில்லை. பின்னர் பல நாள் சிந்தித்துக் கண்டவற்றையே, அவனையொத்த பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் நம் சங்கத்துக் குடும்பங்களின் முன் வைக்கின்றேன்.

முதலில் மீன்களின் செய்தி. 'நம்முடையது' என்று அப்பெண்மணி பெருமையுடன் காட்டிய கரிமீனும், 'வரத்தன்' என்று ஒதுக்கிய சிலோப்பியும், அதாவது தமிழ்நாட்டில் ஜிலேபிக் கெண்டை என வழங்கும் திலாப்பியாவும், ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சிக்லிடே என்பது அக்குடும்பத்தின் பெயர். ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் பல நூறு இனங்களாகப் பெருகியுள்ள அக்குடும்பத்துக்கு இந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக உரியவை மூன்றே இனங்கள். அம்மூன்றனுள் ஒன்று கரிமீன். 2010-ஆம் ஆண்டில் கேரள அரசு அதனை மாநில மீனாக அறிவித்தது.

கரிமீனின் சுற்றத்தாருள் மிக நெருங்கியவர் எங்குள்ளனர் எனத் தேடினால் இன்னுமொரு வியப்பு. அவர்கள் மடகாஸ்கர் தீவின் ஆறுகளில் வாழும் பாரெட்ரோப்ளஸ் என்னும் மீன்கள். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே நிலப்பரப்பாக இருந்து ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. அந்நிலம் பிளந்தபோதே இம்மீன்களும் பிரிந்தன என்பர் ஒரு சாரார். பிற்காலத்தில் கடலைக் கடந்து பரவின என்பர் மற்றொரு சாரார். முன்னவர் கூற்று மெய்யாயின், கரிமீன் தான் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை, நிலமே நகர்ந்தது என்றாகும். பின்னவர் கூற்று மெய்யாயின், நம் கரிமீனின் முன்னோரும் ஒரு காலத்து வரத்தரே என்றாகும்.

இனி, பெயர்களின் செய்தி. கரிமீனுக்கு 1790-ஆம் ஆண்டில் அறிவியற் பெயர் சூட்டியவர் பெர்லின் நகரத்து மருத்துவர் பிளாக் என்பார். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய இம்மீனுக்கு அவர் சூரத் நகரின் பெயரை இட்டு 'சுரத்தென்சிஸ்' என்றார். கடலில் வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்களின் கூட்டத்திலும் அதனைச் சேர்த்துவிட்டார். பின்வந்தோர் எட்ரோப்ளஸ் என்னும் பேரினத்துக்கு மாற்றி உறவைத் திருத்தினர். சூரத்தின் பெயரோ இன்றளவும் நிற்கின்றது. முதலில் முறையாக இடப்பெற்ற பெயரே வழங்கவேண்டும் என்பது வகைப்பாட்டியலின் விதி. ஆகவே பெயரைக் கொண்டு ஊரை அறியலாகாது என்பதை ஒவ்வொரு மாணவனும் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்கின்றான்.

திலாப்பியா என்னும் பெயரின் வரலாறும் இத்தகையதே. தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய ஆண்ட்ரூ ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் 1840-இல் அப்பேரினத்தை நிறுவினார். த்ஸ்வானா மக்களின் மொழியில் மீனைக் குறிக்கும் பொதுச்சொல்லையே அவர் இலத்தீன் வடிவில் அமைத்துக்கொண்டார். நாம் இங்கே அயலானின் அடையாளமாக உச்சரிக்கும் அப்பெயர், அதன் தாயகத்தில் வெறுமனே 'மீன்' என்றுதான் பொருள்படுகின்றது.

இலண்டன் அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த எத்தல்வின் டிரெவாவாஸ் என்னும் அம்மையார் ஆப்பிரிக்க நன்னீர் மீன்களின் ஆராய்ச்சிக்கே தம் நெடிய வாழ்நாளை ஈந்தவர். திலாப்பியாக்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1983-இல் வெளிவந்தது. பல், செவுள் முதலிய உறுப்புகளோடு, குஞ்சுகளைப் பேணும் முறையையும் பிரிவினைக்கு அவர் அடிப்படையாகக் கொண்டார். முட்டைகளைத் தரையில் இட்டுக் காவல் காப்பவை திலாப்பியா. தந்தையோ, தாய்தந்தை இருவருமோ முட்டைகளை வாயில் ஏந்திப் பொரிக்கச் செய்பவை சாரோத்தெரோடான். தாய் மட்டுமே வாயில் சுமப்பவை ஓரியோக்ரோமிஸ். நம் நாட்டுக்கு முதலில் வந்த மொசாம்பிக் இனம் இம்மூன்றாவது பிரிவில் அடங்கும். அந்தத் தாய்மீன் தன் முட்டைகளை வாய்க்குள் அடக்கி, அந்நாள்களில் பெரும்பாலும் உணவின்றியே கழிக்கின்றது. குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பின்னரும், இடர் வரின் அவற்றை மீண்டும் வாய்க்குள் ஏற்றுக்கொள்கின்றது. கரிமீனோ ஆணும் பெண்ணுமாக நின்று முட்டைகளைக் காத்து, துடுப்பால் நீரை விசிறி வளர்க்கின்றது. பிள்ளைப் பாசத்தில் நாட்டு மீனுக்கும் வரத்து மீனுக்கும் ஏற்றத்தாழ்வு காண இயலவில்லை.

இவ்வளவும் கூறிய பின், 'ஆகவே சிலோப்பி குற்றமற்றது, அதனை எங்கும் விடலாம்' என்று முடித்துவிட்டால் உண்மைக்கு மாறாகப் பேசியவனாவேன். மலிவான புரத உணவு வேண்டுமென்று 1952-ஆம் ஆண்டில் மனிதர் அதனை இந்தியாவுக்குள் கொணர்ந்தனர். அது இளம்பருவத்திலேயே முட்டையிட்டு மிகுதியாகப் பெருகியது. குளங்களிலும் காயல்களிலும் உள்நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பற்றிக்கொண்டது. அதனைப் பரப்பலாகாது என 1959-இல் மீன்வள ஆராய்ச்சிக் குழு தடை விதிக்க நேர்ந்தது. பிற்காலத்தில் மேம்படுத்தப்பட்ட நைல் திலாப்பியா வகை உரிமத்துடன் வளர்க்கப்படுவது தனிச்செய்தி. வரத்து மீன் செய்த தீங்கு மெய்யானது. அதனை மறைத்து அறம் பேசுதல் ஆகாது.

ஆயினும், அத்தீங்கு எதனால் வந்தது? அது ஆப்பிரிக்க மீன் என்பதனாலா? கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியைப் பாருங்கள். அங்கே சிக்லிடே குடும்பத்துச் சிறுமீன்கள் பல நூறு இனங்களாக வாழ்ந்திருந்தன. 1950-களில் மனிதர் அவ்வேரியில் நைல் கொடுவா என்னும் பெருமீனை விட்டனர். 1980-களில் அது பெருகியபோது, அச்சிறு மீனினங்களுள் பல மறைந்தன, பல அருகின. விழுங்கியதும் ஆப்பிரிக்க மீன், விழுங்கப்பட்டதும் ஆப்பிரிக்க மீன். இன்னுமொன்று: இங்கே அடக்கமுடியாத வரத்தனாக விளங்கும் மொசாம்பிக் திலாப்பியா, தன் தாயகத்து ஆறுகளில் இன்று இடருக்கு உள்ளாகியுள்ளது. அங்கு கொண்டுவந்து விடப்பட்ட நைல் திலாப்பியா அதனோடு கலந்து அதன் தனித்தன்மையைக் கரைத்து வருகின்றது. அதனால் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் அதனை அழிவிடர் நோக்கிய இனங்களின் பட்டியலில் வைத்துள்ளது. ஓரிடத்து வரத்தன் மற்றோரிடத்தில் வரத்தனால் வருந்தும் நாட்டுக்குடி.

இங்கே மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பிணைந்து கிடப்பதைக் காணலாம். இது யாருக்கு உறவு என்பது ஒன்று. எங்கிருந்து வந்தது என்பது இரண்டாவது. என்ன செய்கின்றது என்பது மூன்றாவது. உறவு, வரவு, விளைவு என இவற்றைச் சுருங்கக் கூறலாம். ஒன்றற்குரிய விடையைக் கொண்டு மற்றொன்றைத் தீர்ப்பதே நாம் செய்யும் பிழை. உறவினனாதலின் நல்லவன் என்பதும், வந்தவனாதலின் தீயவன் என்பதும் ஒரே வகைப் பிழைகள். குளத்தில் என்ன நிகழ்கின்றது என்பதைக் குளத்தினுள் நோக்கியே அறியவேண்டும். வந்த வழியை மட்டும் விசாரித்து அறிந்துவிட முடியாது.

'மீனுக்கு இது பொருந்தலாம், மனிதருக்கு எவ்வாறு?' என்று கேட்பீர்கள். தக்க கேள்வி. மனிதரை மீனோடு ஒப்பிடுவதே ஒரு பிழை என்றுதான் நானும் கருதுகின்றேன். ஒப்பிடுவோர் இரு பக்கத்திலும் உளர். வந்தேறிகள் நாட்டைக் கெடுப்பர் என்பதற்குச் சிலோப்பியைச் சான்றாக்குவோர் ஒரு பக்கம். எல்லாரும் ஒரே குடும்பம் எனக் கூறி எல்லாக் கேள்வியையும் மூடிவிடுவோர் மறுபக்கம். தொல்காப்பியத்து மரபியல் உயிர்களை ஓரறிவு முதலாக வகுத்து, ஆறாவதாகிய மனத்தை மக்களுக்கு உரித்தாக்கியது. மாக்கள் என்றும் மக்கள் என்றும் சொல்லாலேயே வேறுபாடு காட்டியது. சிலோப்பி தான் பெருகுவதால் கரிமீனுக்கு என்ன நேரும் என்று நினைத்துப் பார்க்க வல்லதன்று. நாம் வல்லோம். ஆதலின் மீனைப் பற்றிய மூன்றாவது கேள்வியைப் பிறர் கேட்கவேண்டும். மனிதனைப் பற்றிய அக்கேள்வியை அவனவனே தன்னிடம் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

வரவைப் பற்றிய கேள்வி மனிதரிடத்தில் எவ்வளவு வலுவற்றது என்பதற்கு என் தந்தையாரே சான்று. அவர் 1948-இல் அகஸ்தீஸ்வரத்துக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குக் கணக்கெழுத வந்தார். அன்று அவர் எந்த எல்லையையும் கடக்கவில்லை. அவர் பிறந்த ஊரும் பிழைக்க வந்த ஊரும் திருவிதாங்கூர் என்னும் ஒரே நாட்டில் இருந்தன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அன்று காலையில் அவர் வழக்கம்போல் கடையைத் திறந்து அமர்ந்திருந்தார். அவர் நகரவில்லை, கோடு நகர்ந்தது. அக்கோடு நகர்ந்தது தமிழருக்கு மகிழ்ச்சி தந்த நிகழ்ச்சி. நானும் மகிழ்பவனே. ஆயினும் ஒரே இரவில் என் தந்தையார் வெளியூராராகிவிட்டார் என்பதும் உண்மை.

ஆகவே நம்மைப் பிறர் என்ன பெயரிட்டு அழைக்கின்றனர் என்பதைவிட, நாம் இக்குளத்தில் எவ்வாறு வாழ்கின்றோம் என்பதே நமக்குரிய கேள்வி. அதற்கு நேர்மையாக விடை தேடினால் சற்று நாணவும் வேண்டியிருக்கும். நாற்பது ஆண்டுகள் இந்நகரின் நீரைக் குடித்தும் மலையாள எழுத்தைக் கூட்டிப் படிக்க முயலாத நம்மவரை நான் அறிவேன். அண்டை வீட்டாரின் ஓணத்தையும் துக்கத்தையும் மதிலுக்கு இப்பால் நின்றே பார்த்தவர்களையும் அறிவேன். மறுபுறம், 'பாண்டி' என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி, பிள்ளைகள் தமிழில் பேசினால் வாயைப் பொத்தும் பெற்றோரும் உளர். முன்னவர் குளத்தை அறியாதவர், பின்னவர் தம்மை இழந்தவர். கற்றுக்கொள்ளுதலும் காத்துக்கொள்ளுதலும் ஒன்றற்கொன்று பகையல்ல. இரண்டையும் ஒருங்கே செய்த தமிழ்க் குடும்பங்கள் வலியசாலையிலும் கரமனையிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன.

என் பேரனுக்கு ஒரு வார காலம் கழித்தே விடை கூறினேன். "நம் குடும்பம் வந்த குடும்பம்தான், அதை மறைக்கவேண்டியதில்லை. உன்னைப் பாண்டி என்றவனிடம், நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தோம் என்று தலைநிமிர்ந்து சொல். அவன் மொழியில் உனக்கு என்ன தெரியும் என்பதையும் காட்டு. பிறகு அவனுக்கு உன்னால் ஏதேனும் தீங்கு நேர்ந்ததா என்று அவனையே கேள்" என்றேன். பையன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அவன் வீடும் திருவல்லாவிலிருந்து வந்ததுதான், தாத்தா" என்றான்.

அன்று சந்தையில் கரிமீன், சிலோப்பி இரண்டையும் வாங்கி வந்தோம் என்பதைச் சொல்ல மறந்தேன். இலையில் இட்டபோது எது எதுவெனக் கண்டறிய அவன் முயன்றான். கரிமீனை எளிதில் கண்டுகொண்டான். இரண்டையும் மிச்சமின்றி உண்டான்.